விழுந்த பிறகு தடுக்கிய மூக்காண்டி

நான் ஒரு மனிதனைத் திருடன் ஆக்கினேன். திருடியது நான்!

இவ்வளவுதான் விஷயம். இத்தோடு நீங்கள் எழுந்து போகலாம்... போகமாட்டீர்கள். எதைத் திருடினான், யார் தலையில் கட்டினான் என்று கேட்காமல் யாரும் போனதில்லை. கேட்டுவிட்டு, ‘அட, இதற்கா இத்தனை வருஷம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாய்?’ என்று சிரிப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை. சிரிக்கவைப்பதே என் பிழைப்பாக இருந்தது. ஆகவே தெரிந்துதான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் அச்சகம். அங்கிருந்து மாதம் ஒருமுறை ‘கிச்சுக்கிச்சு’ என்றொரு நகைச்சுவை இதழ் வெளிவந்தது. நான் அதன் உதவி ஆசிரியர். ஆசிரியர் என்று முதலாளி அழகர்சாமியின் பெயர் அச்சாகும். அவர் அதில் படிப்பது ராசிபலன் மட்டும்தான். அதையும் எழுதியது நான். துணுக்கு, குறுக்கெழுத்து, வாசகர் கடிதம் எல்லாம் நானே. ‘உங்கள் இதழைப் படித்து என் பத்து வருட வயிற்றுவலி போயிற்று’ என்று பேரையூரிலிருந்து எழுதும் வாசகியும் நான்தான்!

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. டீக்கடைக்காரர் சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போட்டால், இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசிப்பேன். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளிலும் நான் கேட்ட கேள்விகளே அதற்குக் காரணம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் என் அறையைத் திறந்து பார்க்கிறார் என்று இருபது வருஷம் நம்பினேன். அவர் ஒருநாளும் திறந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அதையும் முழுசாக நம்பவில்லை.

இப்படிப்பட்டவன் எழுதுகிற நகைச்சுவை எப்படி இருக்கும்? விற்பனை விழுந்தது. ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“யோவ் சுந்தரம், ஒன் ஜோக்கப் படிச்சா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாப்ல இருக்குய்யா. இன்னும் மூணு மாசம் பாப்பேன். தேறலைன்னா புத்தகத்த நிப்பாட்டிட்டுக் காலண்டர் அடிக்கப் போறேன்.”

காலண்டரில் உதவி ஆசிரியருக்கு என்ன வேலை? எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வேறொரு தொழிலும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிலிருந்து மிஷின் வந்தது.

பழைய ஆஃப்செட் மிஷின். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் ஏறி, சந்துக்குள் நுழைய முடியாமல் முக்கிலேயே நின்றது. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் உதிரிப் பாகங்கள் இருந்த மரப்பெட்டியைப் பிரித்துச் சரிபார்க்க என்னை விட்டார்கள். உருளைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையில் காகிதத்தைத் திணித்திருந்தார்கள். அந்தக் காகிதத்துக்கு நடுவில் ஒரு முழுப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை. சாணித்தாள். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாகப் படம்.

பெரிய மூக்குள்ள ஓர் ஒல்லி மனிதன். தலையில் மண்பானையைக் கவிழ்த்துக்கொள்கிறான். நாயிடம் சண்டைக்குப் போகிறான். கால் தடுக்கி விழுகிறான். ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லை. ஆனால் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த நான், பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்!

அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று மூன்று தரம் உறுதி செய்துகொண்டுதான்.

இந்த மாதிரிப் புத்தகத்துக்கு ‘மங்கா’ என்று பெயராம். வெகுகாலம் கழித்து நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது பெயரில்லாத ஒரு பொட்டலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கங்களைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத்தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் கோடு கோடாக நகல் எடுத்தேன். வாய்க்குமிழிகளில் இருந்த ஜப்பான் எழுத்தை விட்டுவிட்டு என் இஷ்டத்துக்குத் தமிழ் வசனம் எழுதினேன். படத்துக்குள் இருந்த சத்த எழுத்துகளின் இடத்தில் ‘தொபுக்கடீர்’, ‘டமார்’. மூக்கனுக்கு ‘மூக்காண்டி’ என்று பெயர் வைத்தேன். கீழே என் பெயர். ‘சித்திரமும் கதையும்: சுந்தரம்!’

“இம்புட்டுத் தெறமைய வெச்சுக்கிட்டு எங்கய்யா ஒளிஞ்சிருந்த?” என்றார் முதலாளி.

கதை எப்படி என்கிறீர்களா? முதல் பக்கத்தில் மூக்காண்டி ஒரு சின்னக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தக் கல்லைப் பார்த்து இளித்துக்கொண்டிருப்பான். கல்லைச் சிரிக்கவைப்பதாக ஊராரிடம் பந்தயம் கட்டியவன் என்று நான் எழுதினேன். அப்புறம் அவன் ஊர் ஊராகப் போவான். எந்த வாசலுக்குள் நுழைந்தாலும், நிலை எவ்வளவு உயரமாக இருந்தாலும், முழங்கால் மடங்கக் குனிந்துதான் போவான். ‘ஒட்டகத்துக்குப் பிறந்தவன்’ என்று அதற்கொரு வசனம். நடந்துகொண்டே இருக்கும்போது தோளுக்கு மேலே அண்ணாந்து எதையோ பார்ப்பான். ‘காக்கா எச்சத்துக்குப் பயப்படுகிறான்’ என்று எழுதினேன். பிறகு நாலைந்து பக்கம் ஒரே புகை. பொங்கல் பானை வெடித்துவிட்டது! புகைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்குழந்தை வரும். கடைசிவரை அவன் தோளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். சுபம்.

இதில் ஒரு விசேஷம். மூக்காண்டி முதல் கட்டத்தில் விழுவான், அடுத்த கட்டத்தில்தான் கால் தடுக்கும். ஒவ்வொரு தடவையும் அப்படியே! முதலில் எனக்கே விளங்கவில்லை. ஆனால் வாசகர்களுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. ‘விழுந்த பிறகு தடுக்குகிறானே, என்ன கற்பனை!’ என்று கடிதம் வந்தது. நான் எழுதாத, நிஜமான கடிதம்! கல்லூரி மாணவர்கள் அச்சகத்துக்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. சில பக்கங்களின் ஓரத்தில் எண் இருந்தது. நான் புரட்டப் புரட்ட அது குறைந்துகொண்டே போனது. சர்க்கரையைச் சந்தேகப்படுகிற நான் அதைச் சந்தேகப்படவில்லை. ஜப்பான்காரன் வழக்கம் அப்படி என்று விட்டுவிட்டேன்.

புத்தகத்தை என் அறையில் வைக்கப் பயம். வீட்டுக்காரர் மேல் சந்தேகமாயிற்றே! ஆகவே அச்சகத்தின் பைண்டிங் அறையில், யாரும் தொடாத, பழைய இதழ்களைச் சேர்த்துக் கட்டிய வால்யூம்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சனிக்கிழமை எடுத்துப்போய்த் திங்கட்கிழமை கொண்டுவந்து வைப்பேன். அச்சகத்திலேயே பழைய வால்யூமைத் தொடுகிற ஒரே ஆள் பைண்டர்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பைண்டர் காதர் பாய். காஜிமார் தெருப் பக்கம் வீடு. வீட்டில் உருது, எங்களிடம் மதுரைத் தமிழ். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஏறக்குறைய ஒன்றரை வருஷத்தில் மூக்காண்டி முடிந்தது. எல்லா மாதமும் வந்ததைச் சேர்த்துத் தீபாவளிக்குத் தனிப் புத்தகமாகப் போடலாம் என்றார் முதலாளி. அது நன்றாகப் போனால் அடுத்த இதழிலிருந்து ஆசிரியர் என்று என் பெயரையே போடுவதாகவும் சொன்னார். பாரங்கள், அதாவது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தாள்கள், அச்சாகத் தொடங்கின.

ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய் மிஷின் நின்றது. எல்லாரும் வெளியே காற்று வாங்கப் போயிருந்தார்கள். நான் பைண்டிங் அறைக்குள் போனேன். சன்னலோரம் காதர் பாய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

“என்ன பாய், சிரிப்புத் தாங்கலையோ?” என்றேன்.

திரும்பினார். முகமெல்லாம் ஈரம். மடியில் என் ஜப்பான் புத்தகம்!

“அண்ணே... இதுவா மூக்காண்டி?”

புத்தகத்துக்காகக் கையை நீட்டினேன்.

“பழைய வால்யூமுக்குப் பசை தடவலாம்னு எடுத்தேன். அடியில இருந்துச்சு. பயப்படாதீகண்ணே, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். அது கெடக்கட்டும். நீங்க இதப் பின்னாலருந்து முன்னால படிச்சிருக்கீக.”

“என்ன பாய் ஒளர்றீக?”

“எங்க வீட்டு உருதுக் கிதாபெல்லாம் வலதுலருந்து படிக்கிற புத்தகம், இப்பிடித்தான் இருக்கும். முதுகு வலதுகைப் பக்கம். நான் பழக்கத்துல அப்பிடியே தொறந்துட்டேன். இங்க பாருங்க, கட்டமும் வலதுலருந்து எடதுக்குத்தான் போகுது...”

அவர் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனார். நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

குழந்தை தொடக்கத்திலேயே அவன் தோளில் இருக்கிறது. அவன் செய்கிற கோமாளித்தனம் எல்லாம் அதற்காக. பானையைக் கவிழ்த்துக்கொள்வது, நாயோடு மல்லுக்கட்டுவது எல்லாமே! சிரித்ததா என்று தோளுக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறான், பாதையைப் பார்க்காததால் தடுக்குகிறான், பிறகு விழுகிறான். விழும்போதும் குழந்தையைக் கீழே விடுவதில்லை. வாசலில் அதன் தலை இடிக்கக்கூடாது என்று குனிந்து போகிறான். அப்புறம் வானத்தில் விமானங்கள். அவற்றைக் கொக்குகள் என்று நினைத்து நான் வசனம் எழுதியிருந்தேன். அப்புறம் புகை. புகைக்குப் பிறகு தோளில் குழந்தை இல்லை.

ஆனால் அவன் குனிந்துதான் வாசலுக்குள் போகிறான். அண்ணாந்து பார்க்கிறான். தடுக்குகிறான். விழுகிறான். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அந்தச் சின்னக் கல்லுக்கு முன்னால் பானையைக் கவிழ்த்துக்கொண்டு...

“இது சிரிப்புக் கதை இல்லண்ணே” என்றார் காதர் பாய். “அந்தப் பிள்ளையச் சிரிக்க வைக்கப் பாக்குறான். அம்புட்டுத்தான்.”

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

“எம்மக நூரு மூளைக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்துச்சுண்ணே. ஆறு வயசு. நான் இங்கருந்து வேஸ்ட் பேப்பரக் கொண்டுபோயித் தொப்பி மடிச்சுத் தலையில வெச்சுக்கிட்டு அதுக்கு முன்னால ஆடுவேன். மூணு நாள் சிரிச்சுச்சு. நாலாம் நாள் சிரிக்கல. நர்சம்மா வந்து தோளத் தொடுற வரைக்கும் நான் ஆடிக்கிட்டே இருந்தேன்.”

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கையைப் பிடித்துக்கொள்வான். பக்கத்தில் உட்காருவான். நான் வாசலைப் பார்த்தேன், யாராவது வருகிறார்களா என்று!

“தீபாவளிப் புத்தகத்தையாச்சும் நேரா போடுங்கண்ணே. நானே தச்சுத் தாரேன். வேணும்னா மொதலாளிட்ட நான் பேசுறேன்” என்றார்.

முதலாளியிடம் பேசுவதா! புத்தகத்தை அவர் மடியிலிருந்து பிடுங்கினேன். “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்குப் போனதும், சன்னலோரத்தில் நின்று புத்தகத்தை வலப்பக்கமிருந்து ஒருமுறை புரட்டினேன். அழவில்லை. அதை வரைந்தவன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தவன் கதை என்றால் நேராகச் சொல்லித் தொலைப்பதற்கென்ன? எதற்காகப் பானையையும் நாயையும் காட்டி இப்படிச் சிரிக்கவைத்து ஏமாற்றவேண்டும்? சிரிக்கிறவனை ஏமாளி ஆக்குவதில் அவனுக்கு என்ன லாபம்? ஒன்றரை வருஷம் இந்தப் பகுதி மக்களையெல்லாம் ஒரு சமாதியைப் பார்த்துச் சிரிக்கவைத்தது நான் என்பது அப்போது மனதில் ஏறவில்லை. ஏற விடவில்லை என்பதே சரி.

புத்தகத்தைக் கிழித்து வீட்டுக்காரரின் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒரு பக்கம் விடாமல்!

சாட்சி ஒழிந்தது. ஆனால் சாட்சி சொல்லக்கூடிய ஆள் இருக்கிறாரே...

மறுநாளிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காதர் பாய் யாரோடு பேசுகிறார், யாருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஷின்காரரிடம் ஏதோ சொல்லி இருவரும் தலையாட்டினார்கள். என்னைப் பற்றித்தானோ? ஒருநாள் முதலாளியின் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சொல்லிவிட்டார்! இல்லை, பாதி சொல்லிவிட்டார்!

மகள் இறந்த நாளில் வீட்டில் பாத்திஹா ஓத ஒருநாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இது எனக்குப் பிறகு தெரிந்தது. எனக்கு எல்லாமே பிறகுதான் தெரியும்.

அந்த வாரம் முதலாளி ஒரு சஞ்சிகையை மேசைமேல் வீசினார். சிவகாசியிலிருந்து வந்தது. அதில் பெரிய வாயுள்ள ஒருவன், ‘வாயாண்டி’யாம்! விழுந்துவிட்டுத் தடுக்குகிறான். மூக்காண்டி ஊரில் பெயர் வாங்கியதைப் பார்த்து எவனோ காப்பியடித்திருக்கிறான். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

“நம்ம சரக்கு வெளிய போகுதாய்யா? யாரோ உள்ளருந்து குடுக்குறான். ஒனக்கு யாரு மேலயாச்சும் டவுட் இருக்கா?”

என்னைப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டார்!

“தெரியல மொதலாளி... அச்சான பாரமெல்லாம் கடைசியா பைண்டிங்லதான கெடக்குது” என்றேன்.

பெயர் சொல்லவில்லை. குற்றம் சாட்டவில்லை. ‘கெடக்குது’ என்றுதான் சொன்னேன். எத்தனையோ தடவை இந்த வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், இதில் பொய் ஏதும் இல்லையே என்று. இல்லைதான். நீங்களும் தேடிப் பாருங்கள்.

சாயங்காலம் எல்லாருடைய பைகளையும் திறக்கச் சொன்னார் முதலாளி. மரியாதைக்கு என் பையையும் திறந்து காட்டினேன். காதர் பாயின் பையில் தூக்குச்சட்டி, துண்டு, அப்புறம் ஒரு புத்தகம்.

கையால் தைத்த புத்தகம். வலதுகைப் பக்கம் காலிகோ துணியில் முதுகு. உள்ளே முழுவதும் மூக்காண்டி! மிஷினில் மை சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிய வேஸ்ட் ஷீட்டுகளைப் பொறுக்கிப் பக்கம் பக்கமாக வெட்டி, கடைசிப் பக்கத்தை முதலில் வைத்து, நேராகக் கோத்திருந்தார். என் வசனங்கள் இருந்த குமிழிகள் எல்லாவற்றிலும் வெள்ளைத்தாளை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார். ஒட்டகம், காக்கா எச்சம், பொங்கல் பானை எதுவும் இல்லை. அந்த மனிதனும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள்.

எனக்குப் பார்த்தவுடனே புரிந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்க முடியும்.

முதலாளிக்கு வேறு மாதிரிப் புரிந்தது. “ஓகோ! வார்த்தையப் பூராம் அழிச்சு ரெடியா வெச்சிருக்கான் பாரு! அங்கன போயி அவுக வார்த்தைய எழுதிக்கிறதுக்கா? வரிசையவும் மாத்தியாச்சு! சிவகாசிக்காரனுக்கு மாதிரிக்கு டம்மி புத்தகம் தச்சிருக்கான்யா!”

“இல்ல மொதலாளி. எம்பொஞ்சாதிக்குக் காட்டச் செஞ்சது. நேத்து ராத்திரி காட்டிட்டேன். ஒரு தாள் பிரிஞ்சுபோச்சு, திரும்பத் தைக்கலாம்னு கொண்டாந்தேன்.”

“பொஞ்சாதிக்குப் பொம்மை காட்டவா? அது என்ன பால்வாடிக்கா போகுது?”

எல்லாரும் சிரித்தார்கள். மிஷின்காரர், கம்பாசிட்டர், எல்லாரும். எனக்கும் உதடு விரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

காதர் பாய் என்னைப் பார்த்தார்.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரியும்ல... நீங்க சொல்லுங்கண்ணே.”

ஒரு வாக்கியம் போதும். ‘அவர் சொல்வது உண்மை, முதலாளி’ என்றால் முடிந்தது. ஆனால் அதற்கு அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். வரிசையை ஏன் மாற்றினார்? எப்படி மாற்றினால் சரி என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? எந்தப் புத்தகத்தைப் பார்த்தார்? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் சன்னல் கண்ணாடியில் முடியும்.

“எனக்கென்ன பாய் தெரியும்?” என்றேன். “நான் படம் போடுறவன். பைண்டிங்ல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் வாயைத் திறந்தார். இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்... சொல்லவில்லை. சட்டியையும் துண்டையும் எடுத்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கை, அந்த நிமிஷத்திலும் காப்பாற்றிவிட்டுப் போனார்!

“ஒன் சரக்கு, நீயே வெச்சுக்க” என்று முதலாளி அந்தப் புத்தகத்தை என் கையில் திணித்தார்.

தீபாவளிப் புத்தகம் தலைகீழாகவே வந்து அமோகமாக விற்றது. நான் ஆசிரியர் ஆனேன். முதலாளி சும்மா இருக்கவில்லை; மதுரையில் இருந்த அச்சகங்களுக்கெல்லாம் சொல்லி வைத்தார். காதர் பாயை எவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று கம்பாசிட்டர் சொன்னார். நான் “அப்படியா?” என்றேன்.

நாலு வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதம். கீழவாசலில் பள்ளிப் புத்தகங்களுக்குத் தையல் போட்டு அட்டை ஒட்டிக் கொடுப்பவர்கள் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காதர் பாய். தாடி நரைத்திருந்தது. நான் பார்வையைத் திருப்புவதற்குள் பார்த்துவிட்டார்.

“அண்ணே! சௌக்கியமா?”

எழுந்து வந்தார். கையில் பசை. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

“அன்னிக்கு நீங்க பயந்துட்டீக. எனக்கு வெளங்குச்சு. வேலை போயிருமேன்னு யாருக்குந்தான் பயம் வரும். அத விடுங்கண்ணே. ஒண்ணு கேக்கணும்... அந்தப் புத்தகம் என்னாச்சு? ஒங்ககிட்ட இருக்கா?”

“எதுக்கு பாய்?”

“நூரு போனதுலருந்து எம்பொஞ்சாதி அழுகவே இல்லண்ணே. பேச்சும் கொறைஞ்சுபோச்சு. அன்னிக்கு அதக் காட்டுனேன்ல, அன்னிக்குத்தான் மொத மொதலா அழுதா. விடிய விடிய அழுதா. அதுக்கப்பறம் ரெண்டு வாய் சோறும் தின்னா. இப்ப மறுபடி அப்பிடியே உக்காந்திருக்கா. அந்தப் புத்தகத்தக் கேக்குறா. ஒரு தடவ பாத்துட்டுத் தந்துடுறேண்ணே.”

புத்தகம் என்னிடம்தான் இருந்தது. மேசை இழுப்பறையில், பூட்டுக்குள்.

அப்போது எனக்குள் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் இப்போது கேட்கிறார்? வரிசை மாறிய அந்தப் புத்தகம் ஒன்றுதானே நான் நகலெடுத்தவன் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் தடயம்? அதைக் கையில் வாங்கிக்கொண்டு யாரிடம் போகப்போகிறார்? கோபமே இல்லாமல் ஒருவர் இப்படிப் பேச முடியுமா? பெண்டாட்டி சாப்பிடுவதில்லை என்று சொன்னால் எவனும் இரங்குவான் என்று தெரிந்துதானே சொல்கிறார்?

“அய்யோ, அத மொதலாளி அன்னிக்கே அடுப்புல போட்டுட்டாரே பாய்” என்றேன்.

கையில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டார்.

“சரிண்ணே. அவகிட்டச் சொல்லிடுறேன். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீக. வாரேண்ணே.”

திரும்பிப் போய் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை எடுத்து அட்டை போட ஆரம்பித்தார்.

அடுத்த ஜூனில் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கீழவாசலுக்குப் போனேன். சத்தியமாகப் போனேன்! அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி, முக்காட்டோடு, முன்னால் விரித்த தாளைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தார். எதிர்ச்சாரியில் ஒரு கடை வாசலில் அரைமணி நேரம் நின்றேன். குறுக்கே இருந்தது ஒரு ரோடு. ஆனால் எரிந்துபோனதாகச் சொன்ன புத்தகத்தை எப்படி நீட்டுவது? ‘அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள்?’ என்று அந்தப் பெண்மணி கேட்டால்? கேட்காமல் வாங்கிக்கொண்டால்... அது இன்னும் மோசமல்லவா? கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை. ‘கிச்சுக்கிச்சு’ நின்றுபோயிற்று, முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி என்னை வேலையிலிருந்து நீக்க யாருமில்லை, என் குட்டு வெளிப்பட்டால் சிரிக்கக்கூட யாருமில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒரு தடையும் கிடையாது. இதை எழுதுகிற காகிதத்துக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது. தையல் இன்னும் ஓர் இழை விடவில்லை. பிரிந்த அந்த ஒரு தாள் மட்டும் அப்படியே பிரிந்து கிடக்கிறது.

காதர் பாயும் அவர் மனைவியும் இருக்கிறார்களா, இல்லையா? எனக்குத் தெரியாது. காஜிமார் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால், ‘நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?’ என்பார்கள்...